வெண்பனி வீழ்ந்த வேலைநாள்

ஒரு நாளின் வேலையை மனிதன் வகுக்கின்றான்; அந்நாளின் வானத்தை அவன் வகுப்பதில்லை. இவ்வுண்மை நாம் யாவரும் அறிந்ததே. அறிந்தும் மறந்திருப்பது நமது இயல்பு. மணி அடித்தால் வகுப்பு, சங்கு ஊதினால் ஆலை, பொழுது புலர்ந்தால் கடை என்னும் ஒழுங்கு, ஞாயிறும் திங்களும் போல மாறாத ஒன்றென நாளடைவில் நமக்குத் தோன்றிவிடுகின்றது. அவ்வொழுங்கின் நடுவே, அந்நகரத்தார் தம் வாழ்நாளில் ஒருமுறையும் தம் ஊரிற் கண்டிராத ஒரு பொருள், ஒரு காலைப்பொழுதில் வானினின்று மெல்ல இறங்கி வருமாயின், அவர் யாது செய்வர்?

இவ்வினாவிற்கு விடை தேடி நாம் கற்பனையை நாடவேண்டுவதில்லை. 1977-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 19-ஆம் நாள், புதன்கிழமையன்று, வட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குக் கோடியில் உள்ள மயாமி நகரில் வெண்பனி விழுந்தது. அந்நகரில் வானிலைக் குறிப்பு எழுதத் தொடங்கிய நாள்முதல் அதுகாறும் அங்ஙனம் விழுந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. அந்நிகழ்ச்சியைப் பொருளாகக் கொண்டு, பனியின் பிறப்பையும், அது அத்துணைத் தெற்கே இறங்கிய காரணத்தையும், அது விளைத்த மகிழ்ச்சியையும், அம்மகிழ்ச்சிக்கு அப்பால் நின்ற துன்பத்தையும் ஒருங்கு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் முன்னோர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். அப்பெயர்களில் வரும் பனி என்னும் சொல், புல்நுனியில் காலையில் ஒளிரும் நீர்த்துளியையும், அதனோடு வரும் குளிரையும் குறிப்பது. நீலகிரியில் டிசம்பர், ஜனவரித் திங்கள்களில் தேயிலைச் செடிகளைக் கருகச் செய்வது உறைபனி. காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த இலைமீதும் தரைமீதும் நேரே பனிக்கட்டியாகப் படிவது அது. கோடை இடியோடு சிலவேளை விழுவது ஆலங்கட்டி; மேகத்துள் மேலும் கீழும் அலைப்புண்டு உருண்டு திரண்ட பனிக்கட்டி அது. நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது இம்மூன்றும் அன்று. மேகத்திலேயே படிகமாய்ப் பிறந்து, மலரிதழ் போல மிதந்து, ஓசையின்றி மண்ணை அடைவது ஒன்றுண்டு. அதனை இக்கட்டுரையில் வெண்பனி என்று வழங்குவோம்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. வெண்பனி கண்ணுக்குப் புலனாவது. உறைபனியைக் கொணரும் குளிரோ கண்ணுக்குப் புலனாகாதது. மயாமியில் நிகழ்ந்ததன் உட்பொருள் முழுவதும் இவ்வேறுபாட்டிலேயே அடங்கியிருப்பதைப் பின்னர்க் காண்போம்.

பனித்துகளின் பிறப்பு

நீர் பாரன்ஹீட் 32 பாகையில் உறையும் என்று நாம் பள்ளியில் கற்கின்றோம். ஆயினும் மேகத்திலுள்ள நுண்ணிய நீர்த்திவலைகள் அதனினும் பல பாகை கீழே சென்ற பின்னரும் உறையாமல் நீராகவே நிற்கவல்லன. அவற்றிடையே தூசி ஒன்றைப் பற்றிக்கொண்டு ஒரு சிறு பனிப்படிகம் தோன்றுமாயின், சுற்றிலுமுள்ள நீராவி அதன்மீது படியத் தொடங்குகின்றது. பனிக்கட்டியின் மேலுள்ள நீராவியின் அழுத்தம், அதே குளிர்நிலையில் உள்ள நீரின் மேலிருப்பதைவிடக் குறைவு. ஆதலின், திவலைகள் சுருங்கச் சுருங்கப் படிகம் வளர்கின்றது. வளர்ந்த படிகம் தன் எடையால் கீழிறங்கும். இறங்கும் வழியில் பிற படிகங்களோடு கோத்துக்கொண்டு பெரிய துகளாகும்.

இப்படிகங்களின் அழகு அறிஞர் பலரைக் கவர்ந்தது. கோள்களின் இயக்கவிதிகளைக் கண்ட கெப்ளர், 1611-ஆம் ஆண்டில், பனித்துகளுக்கு ஆறு முனைகள் அமைவது ஏன் என்னும் வினாவை எழுப்பி ஒரு சிறு நூல் எழுதித் தம் ஆதரவாளர்க்குப் புத்தாண்டுப் பரிசாக அளித்தார். நீரின் அணுத்திரளைகள் உறையும்போது அறுகோணமாக அடுக்குண்பதே அதன் காரணம் என்பது அவர் காலத்திற்கு நெடுநாட் பின்னரே விளங்கிற்று. அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்தில் வாழ்ந்த பெண்ட்லி என்னும் உழவர், 1885-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், உருப்பெருக்கிக் கண்ணாடியோடு படப்பெட்டியைப் பொருத்தித் தனியொரு பனிப்படிகத்தைப் படம் பிடித்தார். 1931-இல் அவர் மறைவதற்குள் அவ்வாறு எடுத்த படங்கள் ஐயாயிரத்திற்கும் மிகுதி. 1936-இல் ஜப்பானிய அறிஞர் நக்கயா, ஹொக்கைடோவில் இருந்த தம் ஆய்வுக்கூடத்தில், முயலின் மயிர் ஒன்றன் நுனியில் பனிப்படிகத்தைச் செயற்கையாகவே வளர்த்துக் காட்டினார். மேகத்தின் குளிரும் ஈரமும் எவ்வளவோ, அவற்றிற்கேற்பவே படிகத்தின் வடிவும் அமையும் என்பது அவர் ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது.

தனிப்படிகம் கண்ணாடி போல நிறமற்றது. பல படிகங்கள் சேர்ந்தவிடத்து, அவற்றின் எண்ணிறந்த முகங்கள் ஒளியின் எல்லா நிறங்களையும் ஒருசேரச் சிதறச் செய்வதனால் வெண்மை தோன்றுகின்றது. துகள்களின் இடையே காற்று நிரம்பிய நுண்ணிய இடைவெளிகள் உண்மையால், புதிதாய் விழுந்த பனிப்படுகை ஓசையையும் உறிஞ்சிக்கொள்ளும். பனி விழுந்த காலையில் பெருநகரமும் வாய்மூடி நிற்பதாகத் தோன்றுதற்கு இதுவே காரணம்.

உறைபனியால் வளர்ந்த நகரம்

இனி மயாமியைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். அந்நகரம் வட அகலக்கோடு 25 பாகை 46 கலையில் உள்ளது. நமது நாட்டின் பாட்னா நகரும் ஏறக்குறைய அதே கோட்டை ஒட்டியதே. கிழக்கே அட்லாண்டிக் மாகடல்; அக்கடலில் கரையை ஒட்டியே ஓடுவது வெந்நீரோட்டம்; மேற்கே பரந்த சதுப்புநிலம். இவற்றால் ஜனவரித் திங்களிலும் அங்குப் பகல் வெப்பம் சராசரியாக 76 பாகையளவில் நிற்கும். தென்னையும் மாவும் அங்கு வளர்கின்றன.

அந்நகரம் தோன்றிய வரலாறே குளிரோடு பிணைந்தது. புளோரிடா மாகாணத்தின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாரத்தை, கிச்சிலி முதலிய தோட்டங்கள் செழித்திருந்தன. 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் அடுத்தடுத்து வந்த இரு கடுங்குளிர்கள் அத்தோட்டங்களை அழித்தன. முதற் குளிருக்குத் தப்பித் துளிர்விட்ட மரங்களின் உயிர்ச்சாறு இரண்டாங் குளிரில் உறைந்து, மரங்கள் அடியோடு மடிந்தன. தெற்கே பிஸ்கேன் விரிகுடாவின் கரையிலோ சேதம் மிகக் குறைவு. அங்கு நிலம் வைத்திருந்த ஜூலியா டட்டில் என்னும் அம்மையார், இருப்புப்பாதை அமைத்துவந்த பிளேக்லர் என்னும் செல்வருக்கு, குளிரால் வாடாத கிச்சிலி மலர்களை அனுப்பி அவர் மனத்தை ஈர்த்தார் என்று ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. கதை எவ்வாறாயினும், 1896 ஏப்ரலில் இருப்புப்பாதை அங்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு ஜூலை 28-ஆம் நாள் மயாமி நகராக நிறுவப்பட்டது. ஆகவே, குளிர் எட்டாத இடம் என்னும் நம்பிக்கையே அந்நகரின் அடிக்கல் என்று கூறுதல் மிகையாகாது. அந்நம்பிக்கை எண்பது குளிர்காலங்கள் பொய்க்காமல் நின்றது.

வடகாற்று தெற்கே இறங்கிய வகை

1976-ஆம் ஆண்டின் இறுதியும் 1977-ஆம் ஆண்டின் தொடக்கமும் அமெரிக்காவில் விந்தையான காலமாயிருந்தன. உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பெருங்காற்று, அக்குளிர்காலத்தில் கண்டத்தின் மேற்குப் புறத்தே வடக்கு நோக்கி வளைந்தெழுந்து, பின்னர்க் கிழக்குப் புறத்தே தெற்கு நோக்கிச் சரிந்து ஓடிற்று. அவ்வளைவு வாரக்கணக்கில் கலையாமல் நின்றது. அதன் பயனாக, மேற்கே கலிபோர்னியா வறட்சியால் வாடியது; வடமேற்கே அலாஸ்கா வழக்கத்தைவிட வெம்மையாயிருந்தது; கிழக்கேயோ வடதுருவத்தின் குளிர்காற்று தடையின்றிப் பாய்ந்தது. சின்சினாட்டி நகரருகே ஒஹையோ ஆறு உறைந்து, மக்கள் அதன்மேல் நடந்து கடந்தனர். எரிவாயுத் தட்டுப்பாட்டால் பல மாகாணங்களில் ஆலைகளும் பள்ளிகளும் மூடப்பட்டன.

ஜனவரி 18-ஆம் நாள் இரவு அக்காற்றின் ஓர் அலை புளோரிடாத் தீபகற்பத்தின் முழு நீளத்தையும் கடந்து தெற்கே இறங்கியது. மறுநாள் தாம்பா நகரில் ஓர் அங்குலத்தில் பத்தில் இரண்டு பங்கு வெண்பனி அளக்கப்பட்டது. அதன்முன் அம்மாகாணத்தில் வெண்பனி மிகத் தெற்கே காணப்பட்டது 1899 பிப்ரவரியில். அப்பொழுதும் அது மயாமிக்கு நூறு மைலளவு வடக்கிலேயே நின்றுவிட்டது. இம்முறையோ அவ்வெல்லையைக் கடந்து, மயாமியையும் தாண்டி, அதன் தெற்கேயுள்ள ஹோம்ஸ்டெட் வரை சென்றது. கடலுக்கு அப்பால் கிராண்ட் பஹாமாத் தீவிலும் விழுந்தது.

புதன்கிழமைக் காலை

மயாமியில் அது விழுந்தது காலை எட்டு, ஒன்பது மணியளவில். ஊரார் வேலைக்குச் செல்லும் நேரம் அது. வாகனங்கள் வரிசை வரிசையாய் நகர்ந்துகொண்டிருந்தன; பள்ளிகளில் முதற்பாடம் நடந்துகொண்டிருந்தது. அவ்வேளையில் சாம்பல் நிற வானினின்று வெண்துகள்கள் இறங்கலாயின. முதலில் கண்டவர் பலர் அதனைச் சாம்பல் என்றோ, பஞ்சு என்றோ, தூற்றல் என்றோ எண்ணினர். கையை நீட்டி ஏந்தியவிடத்து அது குளிர்ந்து உருகிற்று. அதன்பின் ஐயம் இல்லை.

ஓட்டுநர் பலர் தம் வண்டிகளை ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றனர். பள்ளிப் பிள்ளைகள் சன்னல்களை நோக்கி ஓடினர். ஆசிரியர் பலர் பாடத்தை நிறுத்தி அவர்களை வெளியே அழைத்து வந்தனர். அம்மாணவர்க்கு அன்று கற்பிக்கக்கூடிய பாடம் அதனினும் சிறந்தது வேறு யாதிருந்தது? அலுவலகங்களில் தொலைபேசி மணிகள் ஓயாது ஒலித்தன. ஒவ்வொருவரும் தாம் கண்டதை மற்றொருவர்க்குச் சொல்லவே விரும்பினர். குளிர்நாடுகளிலிருந்து பனிக்கு அஞ்சி அங்குக் குடியேறிய முதியோர், தாம் விட்டுவந்தது தம்மைப் பின்தொடர்ந்து வந்ததைக் கண்டு நகைத்தனர். கியூபாத் தீவிலிருந்து குடியேறியோர் பலர் தம் வாழ்நாளில் அன்றே முதன்முதல் வெண்பனியைக் கண்டனர்.

இவ்வளவிற்கும், தரையில் தங்கியது யாது? ஒன்றுமில்லை. மண் வெம்மை மாறாதிருந்தமையால் துகள்கள் தொட்டவுடன் உருகின. முற்பகலுக்குள் யாவும் மறைந்தது. வானிலை ஏட்டில் அளவு குறிக்கப்படும் கட்டத்தில், அளத்தற்கு அடங்காச் சிறு தடயம் என்னும் பொருளுடைய ஓர் எழுத்தே இடப்பட்டது. அளவையால் அது ஏறக்குறைய இன்மையே. எனினும், அன்று அந்நகரில் இருந்தவர் தாம் நின்ற இடத்தையும், உடனிருந்தவரையும் பல்லாண்டு கழிந்த பின்னரும் மறவாது கூறுவர். பல அடி உயரம் பனி குவியும் ஊர்களில் ஒரு பனிநாளை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவார் இலர். ஆகவே, மனத்தில் ஒன்று பதிவது அதன் அளவினால் அன்று, அதன் அருமையினால் என்பது இதனால் விளங்கும்.

வேலை தடைப்பட்டது, எனினும் அத்தடையை எவரும் வெறுத்திலர். இதன் காரணத்தைச் சிந்தித்தல் தகும். ஒரு வண்டி பழுதுபட்டு நின்றால் பின்னிற்போர் சினக்கின்றனர். வானமே நின்று பார்க்கச் சொன்னால் யாவரும் நிற்கின்றனர். முன்னதில் ஒருவன் பிந்துகின்றான். பின்னதில் எல்லாரும் ஒருங்கே பிந்துகின்றனர். யாவரும் ஒருங்கு நிற்குமிடத்துப் பிந்துதல் என்பதே இல்லையாகிவிடுகின்றது. முதலாளியும் பணியாளும், ஆசிரியரும் மாணாக்கரும், முன்பின் அறியாத இருவரும் ஒரே திசையில் அண்ணாந்து நோக்கும் அச்சிறுபொழுது, வேலைநாளின் படிகளையெல்லாம் சமன் செய்துவிடுகின்றது.

வயலில் நின்றவர்

நிற்க. இதுகாறும் கூறியது நகரத்தின் வரலாறு. அக்காலையிலேயே நகருக்கு வெளியே வேறொரு வரலாறும் நிகழ்ந்தது. தெற்குப் புளோரிடா, குளிர்காலத்தில் வடக்கு நகரங்களுக்குக் காய்கறி அளிக்கும் களஞ்சியம். தக்காளி, அவரை, குடைமிளகாய், வெள்ளரி முதலியன ஜனவரியில் அங்கு வயலில் நிற்கும். ஹோம்ஸ்டெட், இம்மோக்கலீ, பெல் கிளேடு என்னும் ஊர்களைச் சூழ்ந்த அவ்வயல்களில் காய் பறிப்போர், பருவத்திற்குப் பருவம் ஊர்விட்டு ஊர் செல்லும் ஏழைத் தொழிலாளர். கூடைக்கு இவ்வளவு என்பதே அவர் பெறும் கூலி. பெல் கிளேட்டில் அவர்கள் படும் பாட்டினை 1960 நவம்பரில் எட்வர்ட் மரோ என்னும் செய்தியாளர் தொலைக்காட்சியில் காட்டியபோது அந்நாடே நாணிற்று.

நகரத்தார் வானை நோக்கி நின்ற நேரத்தில், பயிரிட்டோர் வெப்பமானியை நோக்கி நின்றனர். வெண்பனி பயிரைக் கெடுக்கவில்லை. அதனைக் கொணர்ந்த குளிரே கெடுத்தது. தக்காளியும் அவரையும் உறைநிலையைத் தாங்கா. கிச்சிலி மரங்கள் சிறிது வலியன. எனினும் 28 பாகைக்குக் கீழ் நான்கு மணிநேரம் நிற்குமாயின் அவற்றின் பழங்களும் உறைந்து கெடும்.

பயிரைக் காக்க உழவர் கையாளும் முறை ஒன்று வியப்பிற்குரியது. உறையும் இரவில் அவர்கள் செடிமீது நீரைத் தூவுகின்றனர். நீர் உறையும்போது, ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 80 கலோரி வெப்பத்தை வெளிவிடும். அவ்வெப்பம் இலையை உறைநிலையிலேயே நிறுத்தி, அதற்குக் கீழே செல்லவொட்டாது தடுக்கும். பனிக்கட்டியே செடிக்குப் போர்வையாகும் விந்தை இது. ஆனால் நீர் தூவுவதை இடையில் நிறுத்தலாகாது. நிறுத்தினால் ஈரம் ஆவியாகும்போது இலை முன்னினும் குளிர்ந்துவிடும். காற்று வீசும் இரவிலும் அவ்வாறே ஈரம் விரைந்து ஆவியாதலால் இம்முறை பெரிதும் பயன்படாது. பனிக்கட்டியின் சுமையால் கிளைகள் முறிதலும் உண்டு. அந்த ஜனவரியில் காற்றும் குளிரும் சேர்ந்தே வந்தன. குளிர் அன்றோடு நில்லாது மறுநாள் காலையும் தொடர்ந்தது. மாகாணமெங்கும் குளிர்காலக் காய்கறிகள் பெரும்பகுதி அழிந்தன. பழத்தோட்டங்களும் மிகுந்த சேதமுற்றன.

நிலமுடையார்க்கு அவ்வாண்டின் விளைவு போயிற்று. காய் பறிப்போர்க்கு மறுநாளைய உணவே போயிற்று. பறிக்கக் காயில்லாத வயலில் கூலியும் இல்லை. அமெரிக்காவில் 1935-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம், வேலையிழந்தோர்க்கு உதவித்தொகை வழங்க வழி செய்தது. ஆயினும் வயல் தொழிலாளரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. பெரும்பண்ணைகளின் தொழிலாளருக்கும் அதனை விரிக்கும் சட்டம் 1976-இல் நிறைவேறிற்று; ஆனால் அது நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 1978 ஜனவரி முதல் நாள். குளிர் வந்ததோ 1977 ஜனவரியில். சட்டம் ஓராண்டிற்குச் சற்றுக் குறைவான காலம் பிந்திவிட்டது. அதன்பின் அரசாங்கம் அம்மாகாணத்தின் பல மாவட்டங்களைப் பேரிடர்ப் பகுதியென அறிவித்து உதவி அளித்ததாயினும், பேரிடர் வந்தபின் கேட்டுப் பெறும் உதவியும், முன்னரே உரிமையாக அமைந்த காப்பும் ஒன்றல்ல என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

ஒரே காற்று, ஒரே காலை. நகரத்தில் அது திருவிழா, வயலில் அது பட்டினி. ஏன்? நகரத்து எழுத்தரின் மாதச் சம்பளம் ஒருமணி நேரம் வானை நோக்கி நின்றதனால் குறையவில்லை. வயலில் நின்றவளோ ஒவ்வொரு கூடையாகத் தன் நாளைச் சம்பாதிக்க வேண்டியவள். பனியைக் கண்டு மகிழும் உரிமையும் ஒருவகைச் செல்வமே என்பது இங்குப் புலனாகின்றது.

பபலோவும் இலண்டனும்

மயாமியின் மகிழ்ச்சிக்கு ஒன்பதாம் நாள், ஜனவரி 28-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, அதே குளிர்காலம் வடக்கே பபலோ நகரில் தன் மற்றொரு முகத்தைக் காட்டிற்று. பபலோ பனிக்குப் பழகிய ஊர். பனி வாரும் பொறிகளும், பட்டறிவுள்ள மக்களும் அங்கு உண்டு. ஆயினும் அன்று முற்பகலில் மக்கள் வேலைத்தலங்களில் இருந்தபோது, கடுங்காற்று உறைந்த ஈரி ஏரியின்மேல் வாரக்கணக்கில் குவிந்திருந்த பனியை வாரி நகரின்மேல் எறிந்தது. வானினின்று புதிதாய் விழுந்ததைவிட ஏரியினின்று வந்ததே மிகுதி. எதிரே நிற்பவரும் தெரியாத வெண்ணிருளில் வீதிகள் அடைபட்டன. ஆயிரக்கணக்கானோர் அலுவலகங்களிலும் கடைகளிலும் இரவைக் கழித்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்; புதையுண்ட வாகனங்களுள்ளேயே உயிர் நீத்தோரும் அவருள் உண்டு. பனி என்றவுடன் விளையாட்டை மட்டும் நினைப்பார்க்கு இது தக்கதோர் எச்சரிக்கை.

இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையை 2009-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் நாள் இலண்டன் மாநகரில் காண்கின்றோம். அது திங்கட்கிழமை, வாரத்தின் முதல் வேலைநாள். பதினெட்டு ஆண்டுகளில் அத்துணைப் பனி அங்கு விழுந்ததில்லை. காலையில் நகரப் பேருந்துகள் யாவும் நிறுத்தப்பட்டன, சுரங்க இரயில் வழிகள் பலவும் முடங்கின, பள்ளிகள் மூடப்பட்டன. வீட்டிலிருந்தவர் பூங்காக்களின் சரிவுகளில் தட்டுகளின்மேல் அமர்ந்து சறுக்கினர். பெரியவரும் பனியுருவம் சமைத்தனர். வணிகத்திற்கு நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டோர் பலர். அன்று தந்தையும் மக்களும் ஒருங்கு கழித்த பகலின் மதிப்பைக் கணக்கிடும் அளவை ஒருவரிடமும் இல்லை. எனினும், நோயாளியைக் காக்கும் செவிலியர்க்கும், நீரும் மின்சாரமும் நிற்காமற் பார்ப்போர்க்கும் அன்று விடுமுறை இல்லை. பிறர் ஆடிய பூங்காவின் ஓரமாக நடந்து தம் பணிக்குச் சென்றோர் அவர்.

நாம் கற்பன

இந்நிகழ்ச்சிகளால் நாம் அறிந்துகொள்ளத்தக்கன மூன்று.

முதலாவது, இடையூறு யாவும் தீமை அல்ல. ஒழுங்கு நன்று, ஆனால் ஒழுங்கினுள் இடைவிடாது ஓடுகின்றவன் தன் நகரத்தையும் பார்ப்பதில்லை, தன் அயலானையும் பார்ப்பதில்லை. மயாமியில் ஒருமணிப்பொழுது நின்றவர் வேலையில் இழந்தது சிறிது. பெற்றது வாழ்நாள் முழுதும் நின்றது. வானம் அளிக்கும் அத்தகைய இடைவேளையைக் கடிந்துகொள்ளாது ஏற்றலே அறிவுடைமை.

இரண்டாவது, கண்ணுக்கு இனியது ஒன்று நிகழும்போது, அதனைக் கொணர்ந்த காரணம் வேறெங்கு என்ன செய்கின்றது என்று வினவும் பழக்கம் கற்றார்க்கு வேண்டும். வெண்பனியை எல்லாரும் கண்டனர். குளிரைக் கண்டவர் வயலில் நின்றவரே. விளைவைக் கண்டு வியப்பது குழந்தைக்கும் இயலும். காரணத்தைத் தொடர்ந்து சென்று, அது தொடும் மக்கள் அனைவரையும் எண்ணிப் பார்ப்பதே கல்வியின் பயன். நமது ஊரில் மழைக்காகக் கல்லூரிக்கு விடுமுறை அறிவிக்கப்படும் காலையிலும் இவ்வினா பொருந்தும்: அன்று நடைபாதையில் கடை விரிக்க இயலாதவரும், கட்டடவேலைக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பியவரும் எத்துணையர்?

மூன்றாவது, அரிதாய் வருவது வாராதென்று எண்ணிச் சட்டமும் ஏற்பாடும் செய்யாது காலந்தாழ்த்தலாகாது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொய்யாத நம்பிக்கை ஒரு காலையில் பொய்த்தது. அதன்பின் 1983, 1985, 1989-ஆம் ஆண்டுகளில் வந்த கடுங்குளிர்கள் புளோரிடாவின் பழத்தோட்டங்களை மேலும் தெற்கே தள்ளின. முன்னரே வகுத்த காப்பு உள்ள இடத்தில் இடையூறு வெறும் இடையூறாகவே கழியும். அஃதில்லாத இடத்தில் அதுவே கேடாக முடியும். பனியின் ஆழத்தை அங்குலக் கோலால் அளக்கலாம்; அதன் கொடுமையை அளக்கும் கோல், அது விழும் ஊரில் எளியவர்க்கு உள்ள பாதுகாப்பேயாகும்.

ஆதலின், எதிர்பாராது விழும் வெண்பனி வேலைநாளை அழகுறச் செய்வது உண்மை. அவ்வழகைக் கண்டு மகிழ்தலும் தகும். அன்றைய கூலியை அன்றே உண்பவரும் அஞ்சாது அண்ணாந்து நோக்கத்தக்கவாறு ஒரு நாட்டின் ஏற்பாடுகள் அமையுமாயின், அம்மகிழ்ச்சி முழுமை பெறும். அத்தகைய ஏற்பாடுகளை ஆராய்ந்து வகுக்கும் பொறுப்பு, இன்று வகுப்பறையில் அமர்ந்து வானிலை நூலும் பொருளியலும் கற்கும் மாணவர்க்கு உரியது.